இருநூற்றுப் பதினான்கு ஆண்டெனாக்கள்

புது டெல்லி
4 அக்டோபர் 2021

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் சண்டை வந்துவிடுகிறது, இனிமேல் கடிதம் எழுதிக்கொள்வோம் என்று சொன்னது நீங்கள்தான். சொல்லி நாற்பது நாள் ஆயிற்று. ஒரு வரி இல்லை. சரி, முதல் கடிதத்தையும் நானே எழுதித் தொலைக்கிறேன்.

முதலில் ஆபீஸ் விஷயம். நாடு முழுக்கப் பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்திவிட்டு டிஜிட்டலுக்கு மாறுகிற திட்டம் முடிவுக்கு வந்துவிட்டது. எந்த ஊர் டவரை எந்தத் தேதியில் அணைப்பது, எங்கே டிஜிட்டல் கருவி வைப்பது என்று பட்டியல் போடுவதுதான் இரண்டு வருடமாக இங்கே என் வேலை. அந்தப் பட்டியலில் திண்டுக்கல்லும் இருக்கிறது. புருஷன் வேலை பார்க்கிற நிலையம் என்பதால் அந்தத் தாளை நான் தொடக் கூடாது. என் மேலதிகாரி டெய்சி மேடம் பார்க்கிறார். அடுத்த வாரம் உங்களுக்கு ஒரு படிவம் வரும். கேபிள் இல்லாமல், டிஷ் இல்லாமல், மாடியில் ஆண்டெனா வைத்து உங்கள் டவரிலிருந்து படம் பார்க்கிற வீடுகள் எத்தனை என்று எண்ணி எழுத வேண்டும். நூறுக்கு மேல் இருந்தால் டிஜிட்டல் கருவி வரும், நீங்கள் அங்கேயே இருப்பீர்கள். நூறுக்குக் கீழே என்றால் மார்ச் 31-ம் தேதி அணைத்துவிடுவார்கள், உங்களுக்கு மாற்றல். கேட்டால் டெல்லி கிடைக்கும்.

இனி வீட்டு விஷயம். பக்ரீதுக்கு வந்தவர் என் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒத்த நாற்காலிதான் வாங்கிருக்க. அப்ப நான் வருவேன்னு நீ நெனைக்கவே இல்ல" என்றீர்கள். அதை இன்னும் நான் மெல்ல முடியாமல் வைத்துக்கொண்டிருக்கிறேன். வருகிறேன் என்று ஒரு தடவையாவது சொல்லியிருந்தால்தானே மச்சான் இரண்டாவது நாற்காலி? நமக்குப் பிள்ளை படிப்பு என்று காரணம் சொல்லவும் வழியில்லை. மாமி உங்கள் ரஃபீக் அண்ணன் வீட்டில் சௌகரியமாக இருக்கிறார்கள். உங்களைப் பிடித்து வைத்திருப்பது அந்த இரும்புக் கம்பம் ஒன்றுதான்.

நேற்று மதியம் ஆபீஸ் மேஜையிலேயே கண் அசந்துவிட்டேன். நாகல் நகர் மாடிகளெல்லாம் தெரிந்தன. எல்லா ஆண்டெனாவும் மெதுவாக, சத்தமே இல்லாமல், வடக்குப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தன. நம் வீட்டு ஆண்டெனா மட்டும் திரும்பவில்லை. டெய்சி மேடம் டீ கொண்டுவந்து எழுப்பிவிட்டார்.

ரிஃபாத்


திண்டுக்கல்
16 அக்டோபர் 2021

அன்புள்ள ரிஃபாத்துக்கு,

வ அலைக்கும் ஸலாம். நாற்பது நாள் இல்லை, முப்பத்தெட்டு. டவர்க்காரன் எண்ணிக்கை தப்பாது.

படிவம் வந்தது. ஐப்பசி மழையும் கூடவே வந்துவிட்டது. டவர் நிற்கிற கரட்டு மேலே இப்போது நானும் வாட்ச்மேன் பிரபுவும் மட்டும்தான். காலையில் கதவைத் திறந்தால் கீழே ஊர் இல்லை, வெறும் மேகம்தான். ஒன்பது மணி வாக்கில் மலைக்கோட்டைப் பாறை முதலில் தலைகாட்டும், பிறகு மசூதி மினாரா, பிறகு ஒவ்வொரு மாடியாக. நான் ஒரு டம்ளர் டீயை வைத்துக்கொண்டு ஊர் முழுவதும் வந்து சேர்கிற வரை உட்கார்ந்திருப்பேன். இதை விட்டுவிட்டு வரச் சொல்கிறாய்.

அந்த நாற்காலியைப் பற்றி நான் சொன்னது தப்பு என்று எழுத உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. இன்னொரு நாள் பார்க்கலாம்.

ஒன்று நினைவு வந்தது. உன் அத்தா சௌகத் அலி மாமா நிலையத்துக்கு வந்து சண்டை போட்டாரே, "டி.வி.யில எல்லாரும் ரெண்டு ரெண்டா தெரியுறாங்க, என்ன வேல பாக்குறீங்க" என்று. நான் உங்கள் வீட்டு மாடிக்கு வந்தேன். நீ கடைசி வருஷம் எஞ்சினியரிங். கீழே நின்றுகொண்டு, "ஒரு அலை நேரா வருது. இன்னொண்ணு மலைக்கோட்டைப் பாறையில மோதிட்டுச் செத்த லேட்டா வருது. அதான் பக்கத்துல நெழல்" என்று எனக்கே பாடம் நடத்தினாய். எனக்குத் தெரியாதா? தெரிந்தும் கேட்டுக்கொண்டு நின்றேன். ஆண்டெனாவைத் திருப்பி நிழலைப் போக்க ஐந்து நிமிடம் போதும். நான் மூன்று நாள் வந்தேன்.

வர வர மதியத் தூக்கத்தில் ஒரே கனவு. மழையில் சனங்கள் வரிசையாகக் கரடு ஏறி வருகிறார்கள். ஒவ்வொருவர் தலையிலும் ஒரு டி.வி. பெட்டி. என் வாசலில் இறக்கி வைத்துவிட்டு நிற்கிறார்கள். நான் என்ன பதில் சொல்வது?

எண்ணுகிறேன். உண்மையாக எண்ணுவேன்.

இஷாக்


புது டெல்லி
2 நவம்பர் 2021

மச்சானுக்கு,

மூன்று நாள் வந்தது தெரியும். அம்மா இரண்டாம் நாளே கண்டுபிடித்து, நாலாவது டம்ளர் டீ போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார்கள்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இங்கே வருவதற்காகக் குறைத்து எழுதாதீர்கள். அங்கே இருப்பதற்காகக் கூட்டியும் எழுதாதீர்கள். என்ன எண் வந்தாலும் நான் தாங்கிக்கொள்வேன். தாங்குவேன் என்றுதான் நினைக்கிறேன்.

குளிர் ஆரம்பித்துவிட்டது. இருக்கிற ஒரு நாற்காலியை வெயில் விழுகிற இடத்துக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். வெயில் நகர்ந்தால் நானும் நகர்கிறேன்.

ரிஃபாத்


திண்டுக்கல்
26 நவம்பர் 2021

அன்புள்ள ரிஃபாத்துக்கு,

எண்ணி முடித்துப் படிவத்தை இன்று அனுப்பிவிட்டேன். இருநூற்றுப் பதினான்கு.

எப்படி எண்ணினேன் என்றும் சொல்லிவிடுகிறேன், பிறகு நீ சந்தேகப்படக் கூடாது. கரட்டிலிருந்து பைனாகுலரில் பார்த்தேன். தெரியாத இடத்துக்கு டி.வி.எஸ். வண்டியில் போய்த் தெருத் தெருவாகப் பார்த்தேன். நாகல் நகர், சின்னாளப்பட்டி, செம்பட்டி, நடுவில் இருக்கிற தோட்டங்கள் எல்லாம். சும்மா நிற்கிற ஆண்டெனாவை நான் கணக்கில் சேர்க்கவில்லை. காற்றும் காக்காயும் ஆறு மாதத்தில் எந்த ஆண்டெனாவையும் கோணலாக்கிவிடும். அப்படியும் ஒன்று என் டவரை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றால், அதைத் திருத்தி வைக்க வீட்டில் ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அந்த மாதிரி நேராக நின்றது மட்டும் இருநூற்றுப் பதினான்கு. இருபத்திரண்டு வருட சர்வீஸில் கற்றுக்கொண்ட வித்தை இது.

உனக்கு இது பிடிக்காது என்று தெரியும். ஆனால் ரிஃபாத், அத்தனை வீடு இன்னும் இந்தப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு இருக்கிறது. எப்படி எழுந்து வருவது?

இஷாக்


புது டெல்லி
8 டிசம்பர் 2021

மச்சானுக்கு,

டெய்சி மேடம் கையெழுத்துப் போட்டுவிட்டார். திண்டுக்கல்லுக்கு டிஜிட்டல் கருவி. கோப்பு மூடியாயிற்று. இனி யாரும் அதைத் திறந்து பார்க்க மாட்டார்கள். நீங்கள் ரிட்டையர் ஆகிற வரைக்கும் அங்கேயே மேகம் பார்க்கலாம்.

தாங்குவேன் என்று எழுதியிருந்தேன். தாங்கவில்லை. எண் வந்த அன்று ஆபீஸிலிருந்து நடந்தே வீட்டுக்கு வந்தேன். எங்கே பார்த்தாலும் புகைமூட்டம். எதிரில் வருகிறவர்கள் ஒவ்வொருவரும் முதலில் இரண்டு பேராகத் தெரிந்து, கிட்டே வந்ததும் ஒருவராக ஆனார்கள். கண்ணில் தண்ணீர் இருந்ததால் அப்படி இருந்திருக்கும்.

இருநூற்றுப் பதினான்கு வீட்டையும் எண்ணினீர்களே மச்சான், ஒரு வீட்டிலாவது கதவைத் தட்டினீர்களா? உங்களைப் பார்த்து நிற்பதெல்லாம் உங்களுக்காகவே நிற்கிறது என்று நினைப்பு உங்களுக்கு. நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நின்றேன்.

கொஞ்ச நாள் எழுத வேண்டாம்.

ரிஃபாத்


திண்டுக்கல்
20 ஜனவரி 2022

அன்புள்ள ரிஃபாத்துக்கு,

எழுத வேண்டாம் என்றாய். ஆறு வாரம் எழுதவில்லை. இப்போது எழுதாவிட்டால் நான் மனிதனே இல்லை.

டிசம்பர் மூன்றாம் வாரம் இடி விழுந்து நம் கருவி எரிந்துபோயிற்று. பாகம் வர மூன்று நாள். மூன்று நாளும் ஒளிபரப்பு இல்லை. நான் போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். இருநூற்றுப் பதினான்கு வீட்டுக்காரர்களும் திட்டப்போகிறார்கள், என்ன சமாதானம் சொல்வது என்று ஒரு தாளில் எழுதிக்கூட வைத்திருந்தேன். போன் அடிக்கவில்லை. பிரபு இரண்டு தடவை போனை எடுத்து உயிர் இருக்கிறதா என்று காதில் வைத்துப் பார்த்தான்.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஒன்று வந்தது. ஒரு பொம்பளைக் குரல். "ஏப்பு, டவரு ஆளா? மூணு நாளா படம் வரல. வெறும் பொரியாக் கொட்டுது. என்னா செய்றீக அங்க?" செம்பட்டிப் பக்கம் மல்லிகைத் தோட்டம், பேர் ஒச்சம்மாள். அந்த ஒரு போன்தான்.

நீ கேட்டது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பதினாறு நாள் லீவு போட்டேன். இந்தத் தடவை கதவைத் தட்டினேன்.

சின்னாளப்பட்டியில் ஒரு தெரு முழுக்க ஆண்டெனாவுக்கு ஆண்டெனா கயிறு கட்டிச் சுங்குடிச் சேலை காயப்போட்டிருக்கிறார்கள். ஈரச் சேலை, சிவப்பும் பச்சையுமாக, புள்ளி புள்ளியாக ஆடிக்கொண்டிருந்தது. டி.வி.யில் புள்ளி விழுந்தால் என்னைத் திட்டுவார்கள். இங்கே புள்ளிக்குத்தான் மதிப்பு. நாகஜோதி என்று ஒரு பெண், சாயக் கையோடு வந்து சொன்னது: "ஆண்டெனாவா? அது கொடிக்கம்பு பாய். ரெண்டு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டிருக்கோம்ல, அம்புட்டுக் காத்துக்கும் அசையாது." நாகல் நகரில் இண்டர்நெட் வயர் இழுக்கிற தஹ்சீன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "வயரப் பூரா ஆண்டெனாக் கம்புலதாண்ணே கட்டுறோம். இழுத்துக் கட்டுனா நேரா நிக்கும்" என்றான். ரிஃபாத், நம் வீட்டு மாடியையும் போய்ப் பார்த்தேன். அதிலும் வயர்தான். அதையும் நான் எண்ணியிருக்கிறேன்.

நேராக நிற்பதற்கு இந்த ஊரில் வேறு காரணங்கள் இருந்திருக்கின்றன. இருபத்திரண்டு வருட வித்தை.

கடைசியாகச் செம்பட்டி. ஒச்சம்மாளுக்கு அறுபது இருக்கும். புருஷன் பொன்னுத்துரை இறந்து நாலு வருஷம். மல்லிகைக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்து பூக் கட்டிக்கொண்டே படம் பார்க்கிறார். பழைய பெட்டி. அதில் எல்லாரும் இரண்டு இரண்டாகத் தெரிகிறார்கள், உங்கள் வீட்டில் தெரிந்த மாதிரியே. அங்கே அலை கொடைக்கானல் மலையில் மோதித் திரும்புகிறது. எனக்குக் கை பரபரத்தது. "ஆண்டெனாவச் செத்தத் திருப்பி வக்கிறேன்ம்மா, நெழல் போயிரும்" என்றேன்.

பூக் கட்டுகிற கை நின்றுவிட்டது. "ஏலே, தொட்டுராத. செய்தி வாசிக்கிற புள்ளைக்குக்கூடப் பக்கத்துல ஒரு ஆளு நிக்கிது பாரு. ஒத்தையில ஒருத்தரும் இல்ல. எனக்கு இப்புடியே இருக்கட்டும்." பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒம் பொஞ்சாதி எங்க?" டெல்லி என்றேன். "அப்ப நீ டிசிட்டல் ஆளு. ஒத்தையில தெளிவாத் திரியுற" என்று சிரித்துக்கொண்டே கட்டத் தொடங்கினார். டிஜிட்டல் வரப்போகிறது, அதில் நிழலே விழாது என்று நான் சொன்னதிலிருந்து எடுத்துக்கொண்டது. தோட்டத்து வரப்பில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பூ வாசனையில் தலை கிறுகிறுத்தது. உன் பேரைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். மலையில் மோதித் திரும்பி வருமா என்று பார்த்தேன், வரவில்லை. மலை தூரம்.

புதுப் படிவம் இன்று அனுப்பிவிட்டேன். ஆண்டெனாவில் பார்க்கும் வீடுகள்: ஒன்று.

நாற்காலி விஷயத்தில் நான் சொன்னது தப்பு. மூன்று மாதமாக எழுத வராதது இப்போது வந்துவிட்டது.

இஷாக்


புது டெல்லி
4 பிப்ரவரி 2022

மச்சானுக்கு,

மூடின கோப்பைத் திறக்க வைத்துவிட்டீர்கள். டெய்சி மேடம் படிவத்தை இரண்டு தடவை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "இத்தனை வருஷத்துல தன் வேலைக்குத் தானே வேட்டு வச்சுக்கிட்ட ஆள இப்பத்தான் பாக்குறேன்" என்றார். மார்ச் 31, மதியம் பன்னிரண்டு மணி. திண்டுக்கல் அணைகிறது.

மிச்சம் இருக்கிற வீடுகளுக்குத் திட்டத்திலேயே டிஷ்ஷும் டிஜிட்டல் பெட்டியும் உண்டு. சில ஊர்களுக்கு நாற்பது போகிறது, ஐம்பது போகிறது. திண்டுக்கல்லுக்கு ஒன்று. உங்கள் கையால் மாட்டிவிடுங்கள்.

மாற்றல் விருப்பப் படிவமும் வரும். மூன்று ஊர் எழுதலாம். மதுரைகூட எழுதலாம், தடையில்லை.

ஒன்று கேட்கவேண்டும். கேட்காமல் இருந்துவிடலாம் என்று நாலு நாள் பார்த்தேன், முடியவில்லை. டவரை மூடிவிட்டார்கள், வேறு போக்கிடம் இல்லை என்று இங்கே வருவதாக இருந்தால் வர வேண்டாம். போக்கிடம் இல்லாதவரை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்? அவர் ஜன்னல் பக்கம் நின்று கரட்டை நினைத்துக்கொண்டிருப்பார், நான் டீ போட்டுக்கொண்டிருப்பேன்.

ஒச்சம்மாள் சொன்னதைப் படித்துவிட்டு என் அறை விளக்கை ஏற்றினேன். சுவரில் என் நிழல் பக்கத்திலேயே நின்றது. அதற்கு ஸலாம் சொன்னேன். இந்த வயதில் எனக்கு வந்த கிறுக்கைப் பாருங்கள்.

ரிஃபாத்


திண்டுக்கல்
5 ஏப்ரல் 2022

அன்புள்ள ரிஃபாத்துக்கு,

இன்று மூன்றாம் நோன்பு. விடியலுக்கு முன் சஹர் சாப்பிட்ட பிறகு தூக்கம் வரவில்லை, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

31-ம் தேதி பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒச்சம்மாளுக்குப் போன் செய்தேன். பார்க்கிறவர் ஒருவர்தான், அவரிடம் சொல்லாமல் எப்படி அணைப்பது? "செத்த நேரம் பொறுப்பு. அடுப்புல வெஞ்சனம் கெடக்கு, எறக்கி வச்சுட்டு வந்து ஒருவாட்டி பாத்துக்கிறேன்" என்றார். பொறுத்தேன். பிரபு கடிகாரத்தைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான். பட்டியலில் அன்றைய தேதி போட்ட டவர்களையெல்லாம் ஒரே நேரத்தில் அணைக்கிற நாளில், திண்டுக்கல் ஒரு கத்தரிக்காய்க் கூட்டுக்காகப் பதினோரு நிமிடம் கூடுதலாக ஓடியது. "ம், பாத்துட்டேன்" என்றார். அணைத்தேன். பதிவேட்டில் 12.11 என்றே எழுதியிருக்கிறேன். டெய்சி மேடம் கேட்டால் நீ சொல்லிக்கொள்.

கருவியின் சத்தம் நின்றதும் குருவிச் சத்தம் கேட்டது. இருபத்திரண்டு வருடமும் அது அங்கேதான் இருந்திருக்கிறது.

மறுநாள் பெட்டியை மாட்டினேன். படம் கண்ணாடி மாதிரித் தெளிவு. செய்தி வாசிக்கிற பெண் ஒருத்தியாக வந்தாள், பக்கத்தில் யாரும் இல்லை. ஒச்சம்மாள் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் ஏதோ திருடிவிட்டு நிற்கிற மாதிரி நின்றேன். பிறகு எழுந்து உள்ளே போனார். ஆணியில் மாட்டியிருந்த முகம் பார்க்கிற கண்ணாடியைக் கழற்றிக் கொண்டுவந்து, டி.வி.க்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து, உட்கார்ந்து பார்த்து, கொஞ்சம் திருப்பி, மறுபடி உட்கார்ந்து பார்த்தார். இப்போது செய்தி வாசிக்கிறவர்கள் இரண்டு பேர்.

"ம், வந்துட்டாக" என்றார். "நீ இன்னும் என்னா நிக்கிற? கெளம்பு."

நீ கேட்டதற்குப் பதில். டவரை மூடிவிட்டதால் வருகிறேனா என்று கேட்டாய். டெல்லியில் கோப்பு மூடியாயிற்று, யாரும் திறக்க மாட்டார்கள் என்று நீதான் எழுதினாய். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ரிட்டையர் ஆகிற வரை மேகம் பார்த்திருப்பேன். டவரை மூடியது நான்தான் ரிஃபாத். விருப்பப் படிவத்தில் மூன்று இடம் இருந்தது. முதலில் டெல்லி என்று எழுதினேன். மற்ற இரண்டையும் காலியாக விட்டுவிட்டேன்.

19-ம் தேதி ரயில். 21 வியாழன் காலை வந்து சேரும். அன்று நோன்பு உன்னோடு திறப்பேன், இன்ஷா அல்லாஹ். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், உனக்கு ஆபீஸ் இருக்கும். எனக்கு நாற்காலி வேண்டாம். தரையில் உட்கார்ந்து பழகியவன்தான்.

இஷாக்


புது டெல்லி
11 ஏப்ரல் 2022

அன்புள்ள மச்சானுக்கு,

ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன், கிளம்புவதற்குள் கிடைக்கவேண்டும். ஸ்டேஷனுக்கு வருவேன். லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. 12.11 பற்றி டெய்சி மேடம் கேட்டார். சொன்னேன். என்ன கூட்டு என்று கேட்டார்.

ஒச்சம்மாள் கண்ணாடி வைத்ததைப் படித்த பிறகு ஒன்றை மறைத்து வைக்க முடியவில்லை. இருநூற்றுப் பதினான்கு என்று எண் வந்த அன்று நடந்தே வீட்டுக்கு வந்தேன் என்று எழுதினேனே, வழியில் ஒரு கடையில் நின்றதை எழுதவில்லை. நீங்கள் இனி வரமாட்டீர்கள் என்று தெரிந்த அன்றைக்குத்தான் இரண்டாவது நாற்காலி வாங்கினேன். எதற்கு வாங்கினேன் என்று எனக்கே தெரியாது. கடைக்காரர் கேட்டார், வீட்டில் எத்தனை பேர் என்று. இரண்டு பேர் என்றேன். தலையில் வைத்துத் தூக்கிக்கொண்டு புகைமூட்டத்தில் நடந்து வந்தேன்.

நாலு மாதமாக எதிரில் போட்டுத்தான் சாப்பிட்டேன். இப்போது அதன் மேல் துவைத்த துணி கிடக்கிறது. வியாழக்கிழமைக்குள் மடித்து எடுத்து வைத்துவிடுகிறேன்.

ரிஃபாத்